மாங்கொட்டை தேடிய கை

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதன் குரு உலகம்மைக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். சீடர்களில் மூத்தவர் தாணப்பன், தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சீடர் குருவைவிடப் பெரியவர். அவர் குருவை "அம்மா" என்பார், குரு அவரை "அண்ணாச்சி" என்பார். மடத்தில் யாருக்கும் அது வினோதமாகப் பட்டதில்லை.

தாணப்பனுக்கு ஒரு பெருமை உண்டு. மரணபயம் தன்னைவிட்டுப் போய்விட்டது என்பதுதான் அது. வெள்ளிக்கிழமைதோறும் ஊர்க்காரர்களை உட்கார வைத்து அதைப் பற்றிப் பேசுவார்.

"உடம்பு போனா போகட்டுமே! வாடகை வீட்டைக் காலி பண்ண எவனாவது அழுவானா?" என்பார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வாடகை வீட்டைக் காலி பண்ணும்போது அழுதவர்கள் இருந்தார்கள். ஆனாலும் பெரிய மனுஷர் பேசும்போது யார் குறுக்கே பேசுவது?

ஒருநாள் காலை மடத்துப் பசு தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்தது. குடிக்க முடியாமல் தலையை உதறிக்கொண்டது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வடிந்தது. கத்திய குரலும் கரகரத்து, வேறு ஏதோ மாடு கத்துவது போல் இருந்தது.

மாம்பழக் காலம். கொல்லை முழுக்கக் கொட்டைகள் கிடந்தன.

"தொண்டையில மாங்கொட்டை சிக்கிருக்கு" என்று தாணப்பன் முடிவு கட்டினார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கையை முழங்கை வரைக்கும் பசுவின் வாய்க்குள் விட்டுத் துழாவினார். கொட்டை அகப்படவில்லை. பல் பட்டு மணிக்கட்டில் ஒரு கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

அதற்கு அப்புறம்தான் கால்நடை டாக்டருக்குச் சொல்லி அனுப்பத் தோன்றியது. ஜெசிந்தா டாக்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பசுவை நெருங்காமலே நின்று பார்த்தார். அதன் பின்னங்கால்கள் நிற்க முடியாமல் தடுமாறின.

"இதை எதுவும் கடிச்சுதா?" என்று கேட்டார்.

"கடிச்சத நாங்க பாக்கல. போன மாசம் ஒரு நரி தொழுவத்துக்குள்ள வந்துச்சு. பட்டப்பகல்ல, தள்ளாடிக்கிட்டே வந்துச்சு. விரட்டி விட்டோம்" என்றார் தாணப்பன்.

டாக்டரின் முகம் மாறிவிட்டது.

"வாய்க்குள்ள யாரும் கைய விட்டீங்களா?"

தாணப்பன் கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவ்வளவு பெரிய மனிதர், வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றார்.

"இது வெறிநோய் மாதிரி தெரியுது" என்றார் டாக்டர். "நாய்க்கு மட்டும்தான் வரும்னு நெனைக்காதீங்க. நரிக்கு வரும், மாட்டுக்கு வரும், மனுசனுக்கும் வரும். எச்சில்ல இருக்க வைரஸ் நரம்பப் பிடிச்சு மூளைக்கு ஏறும். ஏறிட்டா மருந்தே கிடையாது. அதுக்கு முன்னால ஊசி போட்டுட்டா தப்பிச்சுக்கலாம். எச்சில் பட்டவங்க சோப்புப் போட்டு நல்லா தேச்சுக் கழுவுங்க. போதும்னு தோணினப்புறமும் கழுவுங்க. அப்புறம் நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. மாட்டுப் பக்கம் யாரும் வராம நான் பாத்துக்கிடுதேன்."

தாணப்பன் குழாயடியில் உட்கார்ந்து கழுவினார். விஷயம் கேள்விப்பட்டு ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். எல்லாம் வெள்ளிக்கிழமை கூட்டம்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே கையைத் தேய்த்தார். கழுவி முடித்து எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவில்லை.

உலகம்மை பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லா கழுவியாச்சா அண்ணாச்சி?"

"ஆச்சும்மா."

"போகலாமா?"

தாணப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டார்.

"அம்மா, சாவுக்கு அஞ்சாதவனுக்கு ஊசி எதுக்கு?"

குரல் கணீரென்றுதான் வந்தது. கண் மட்டும் மெயின் ரோட்டில் பஸ் நிற்கும் விலக்குப் பக்கமே போய்ப் போய் வந்தது. நல்லவேளையாக யாரும் அதைக் கவனிக்கவில்லை.

விலக்கில் பஸ் ஹாரன் கேட்டது. அடுத்த கணம் உலகம்மை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

"பஸ்ஸ நிறுத்துங்க! ஐயா, போயிராதீங்க! நிறுத்துங்க!"

அந்த அம்மா ஓடி யாரும் பார்த்ததில்லை. வேகமாக நடந்துகூடப் பார்த்ததில்லை. ஊரே வாயைப் பிளந்தது.

"சாவு பயம் சாமியாரம்மாவயும் விடல, பாத்தியா?" என்று ஒருவர் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பசுவுக்குக் கஞ்சி வைக்கும்போது அம்மாவும் தொட்டிருப்பார் போல என்று தாணப்பன் நினைத்தார். குருவே தலைதெறிக்க ஓடும்போது சீடன் நின்று வேதாந்தம் பேச முடியுமா? அவரும் ஓடினார். பாதி வழியில் குருவை முந்திவிட்டார்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. குருவின் மேல் அவருக்கு ஒரு சின்ன ஏமாற்றம் இருந்தது, உண்மைதான். ஆனால் அதைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. அம்மாவுக்கே பயம் என்றால் தனக்கு இருந்தால் என்ன? அவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்ததை விட்டுவிட்டார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். உலகம்மை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றி ஒரு மருந்து போட்டார்கள். தோளில் ஓர் ஊசி குத்தினார்கள்.

"நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றார் அங்கிருந்த டாக்டர். "மிச்ச ஊசியையும் சொன்ன தேதிக்கு வந்து போட்டுக்கோங்க. ஒண்ணும் ஆகாது."

ஒண்ணும் ஆகாது. தாணப்பன் அந்தச் சொல்லை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். வெளியே டீ விற்கிறவன் கத்துவதுகூடக் காதுக்கு இனிமையாக இருந்தது. வாடகை வீடோ சொந்த வீடோ, இன்னும் கொஞ்ச நாள் இதிலேயே இருக்கலாம்.

"அடுத்து நீங்க வாங்கம்மா" என்று நர்ஸ் உலகம்மையைக் கூப்பிட்டார்.

"எனக்கு வேண்டாம் தாயி. நான் அந்த மாட்டைத் தொடவே இல்ல."

தாணப்பன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தொடலயா? அப்ப ஏம்மா அந்த ஓட்டம் ஓடினீங்க? ஊரே உங்களப் பாத்துச் சிரிச்சுதே!"

"முதல்ல ஓட உங்களுக்கு வெக்கமா இருந்துச்சே, அண்ணாச்சி" என்றார் உலகம்மை.