மூன்றாம் ஓடையில் நின்றவர்

"எனக்குப் போய் மூணாம் ஓடையா, ஜெசிந்தாம்மா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

ஜெசிந்தா தலை நிமிரவில்லை. மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். சுற்று தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆவுடையப்பன் காத்திருந்தார்.

அவருக்கு அறுபத்தொரு வயது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு. ராஜபாளையத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர். ஆனால் பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவில் ஜெசிந்தாதான் ஆசிரியை, ஆவுடையப்பன் மாணவர். உரிமத் தேர்வுக்கு அவரைத் தயார் செய்தது இந்தக் கடையில்தான்.

அந்த வட்டாரத்தில் ஹாம் ரேடியோ வைத்திருந்தவர்கள் நாற்பது பேர். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். யார் தேர்வில் தேறினார், யார் வீட்டு ஆன்டெனா காற்றில் சாய்ந்தது, எந்தத் திருவிழாவுக்கு எத்தனை தொண்டர்கள் வேண்டும் என்று ஜெசிந்தா செய்தி வாசிப்பார்.

அன்று காலை வாசித்தது ஆடி அமாவாசைப் பட்டியல். தேனடை மலையில் செல்போன் எடுக்காது. கோயிலுக்கு ஏறுகிறவர்களுக்காக வழி நெடுக ஹாம் தொண்டர்கள் நிற்பார்கள். அடிவாரத்தில் ஜெசிந்தா. உச்சி முகாமில் டீக்கடை பிச்சைக்கனி. நடுவே, மூன்றாம் ஓடையில், ஆவுடையப்பன்.

கம்பி சுற்றி முடிந்தது. ஜெசிந்தா நிமிர்ந்தார்.

"உச்சிக்கும் அடிவாரத்துக்கும் நடுவுல பெரிய பாறை, சார். கனி பேசினா எனக்குக் கேக்காது. நான் பேசினா அவருக்குக் கேக்காது. மூணாம் ஓடையில நின்னா ரெண்டு பேர் குரலும் கேக்கும்."

"சரி, அங்க நான் என்ன பண்ணணும்?"

"கனி சொல்றதை எனக்குச் சொல்லுங்க. நான் சொல்றதைக் கனிக்குச் சொல்லுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இருபது வருஷம் பிரேயரில் மைக் பிடித்த குரல் அவருடையது. அவர் எழுந்து போனார்.

*

ஆடி அமாவாசையன்று மூன்றாம் ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் ஓடியது. கோயிலுக்கும் மேலே உள்ள காட்டிலிருந்து உச்சி முகாமை ஒட்டி இறங்கி வரும் ஓடை அது. கீழே உள்ள இரண்டு ஓடைகளுக்கும் பாலம் உண்டு. இதற்குக் கிடையாது. ஜனங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடந்தார்கள்.

காலை எட்டு மணிக்குப் பிச்சைக்கனியின் முதல் செய்தி வந்தது.

"சார், ஒரு அம்மாவுக்குச் செருப்பு வார் அறுந்துபோச்சு. ஊக்கு ஒண்ணு குடுத்துவிடச் சொல்லுங்க. ஓவர்."

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தினார்.

"உச்சி முகாமில் பக்தர் ஒருவருக்குக் காலணி தேவைப்படுகிறது. ஆவன செய்யவும். ஓவர்."

சொன்னது அவருக்கே திருப்தியாக இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்துத் தொண்டர் ஒருவர் மூச்சிரைக்க மேலே ஏறிப் போனார். கையில் புதுச் செருப்பு. ஆண்கள் அணிவது. ஒன்பதாம் நம்பர்.

"செருப்பை யாரு கேட்டா?" என்றது பிச்சைக்கனியின் குரல். "நான் ஊக்குல்ல கேட்டேன்!"

ஆவுடையப்பன் அதையும் கீழே சொல்ல வேண்டியிருந்தது.

ஜெசிந்தா கேட்டார்.

"காலையில ஊக்குன்னா சொன்னாரு, சார்?"

"ஆமா."

"சரி."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ஆவுடையப்பனுக்குத் தோன்றியது.

ஒரு மணிக்கு மோர் கேன் சுமந்து ஒருவர் ஏறி வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே இரண்டு ஊக்குகள்.

"ஒண்ணு மேல அந்த அம்மாவுக்கு. ஒண்ணை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க."

"எனக்கு எதுக்கு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க."

ஆவுடையப்பன் ஊக்கை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதைச் சட்டையில் குத்திக்கொண்டார்.

*

மதியம் இரண்டு மணி. ஓடையில் வெயில் பளிச்சென்று அடித்தது. கோயிலிலிருந்து இறங்கி வந்த இருபது பேர் தண்ணீருக்குள் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் துண்டைப் பிழிந்தார்.

"சார்," என்றது பிச்சைக்கனியின் குரல். "இங்க ஓடைத் தண்ணி கலங்கிருச்சு. பச்சை இலையா வருது. ஓவர்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான், சார். பாத்தேன், சொல்றேன்."

இதில் என்ன சேதி இருக்கிறது என்று ஆவுடையப்பனுக்குப் புரியவில்லை. காட்டு ஓடை என்றால் கலங்கும். மரம் என்றால் இலை உதிரும். பொத்தானில் விரலை வைத்தார். ஒரு வாக்கியம் தானாகவே மனசுக்குள் வந்து நின்றது: 'மேல் ஓடையில் நீர் சற்று மாசடைந்துள்ளது.'

விரலை எடுத்தார்.

மறுபடி அழுத்தினார்.

"கனி சொல்றாரு: ஓடைத் தண்ணி கலங்கிருச்சு. பச்சை இலையா வருது. ஓவர்."

பதில் உடனே வரவில்லை. வந்தபோது ஜெசிந்தாவின் குரல் மாறியிருந்தது.

"சார், உங்க ஓடைக்குள்ள ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. இருபது பேர்."

"எல்லாரையும் கரையேத்துங்க. ஒருத்தரும் கடக்கக் கூடாது. இப்பவே!"

அவர் காரணம் கேட்கவில்லை. ஓடைப் பக்கம் திரும்பி, இருபது வருஷம் பள்ளிக்கூடத்தை அதட்டிய குரலில் கத்தினார்.

"எல்லாரும் வெளிய வா! மேட்டுல ஏறு! சாமானை விடு, ஏறு!"

சிலர் சிரித்தார்கள். "தண்ணியே இல்லையேய்யா" என்றார் ஒருவர். ஆனாலும் அந்தக் குரலுக்குக் கால்கள் நகர்ந்தன. அக்கரைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அக்கரையில் ஏறினார்கள். துண்டு பிழிந்தவர் மட்டும் அசையவில்லை. ஆவுடையப்பன் செருப்போடு ஓடைக்குள் இறங்கி அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"பெரிய மனுஷன் கையைப் பிடிச்சு இழுக்கிறீரே, நல்லாவா இருக்கு?" என்று அவர் சண்டைக்கு வந்தார்.

அவர் திட்டி முடிக்கவில்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல் ஒரு சத்தம் மேலேயிருந்து வந்தது. அடுத்த நிமிஷம் ஓடை முழுக்கச் செம்மண் நிறத்தில் வெள்ளம். ஒரு மரமே வேரோடு புரண்டு போனது.

துண்டுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் கை இன்னும் ஆவுடையப்பன் கையில் இருந்தது.

*

எல்லோரும் பிழைத்தார்கள். இந்தக் கரையில் ஏறியவர்கள் பாலங்கள் வழியாக அடிவாரத்துக்கு இறங்கினார்கள். அக்கரையில் ஏறியவர்கள் கோயிலுக்கே திரும்பினார்கள். கோயிலில் இருந்தவர்களையும் சேர்த்து நாற்பத்து மூன்று பேர் மேலே தங்க வேண்டியதாயிற்று. வெள்ளம் வடிய மறுநாள் ஆகும்.

"ஜெசிந்தாம்மா," என்றார் ஆவுடையப்பன். "அந்தச் சேதிக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியவே இல்ல."

"எனக்கும்தான் தெரியல, சார். பக்கத்துல வனக்காவலர் இருளப்பன் நின்னாரு. அப்படியே அவர்கிட்ட சொன்னேன். காஞ்ச இலைன்னா காத்துல விழுந்தது, பச்சை இலைன்னா மேல பேய்மழை, காட்டாறு வருதுன்னாரு."



*

ஐந்து மணிக்குள் அடிவாரத்தில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். "மேல எல்லாரும் பத்திரமா இருக்காங்க" என்று ஜெசிந்தா திரும்பத் திரும்பச் சொன்னார். பாதிப் பேர் நம்பினார்கள். பரமானந்தம் என்ற ஒருவர் மட்டும் நம்பவே இல்லை.

"எல்லாரும்னா யாரும்மா? என் சம்சாரத்தை நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு முறை மலையில் ஏறி ஓடினார். இருளப்பன் இரண்டு முறையும் இழுத்து வந்தார். மூன்றாவது முறை நான்கு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

ஜெசிந்தா வாக்கி டாக்கியை எடுத்தார்.

"சார், மேல இருக்கிறவங்க வீட்டுக்கு என்ன சொல்லணுமோ அதை ஒவ்வொருத்தரா சொல்லச் சொல்லுங்க."

பிச்சைக்கனி ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சொன்னார். ஆவுடையப்பன் கீழே சொன்னார்.

"'மாட்டுக்குத் தண்ணி காட்டு. செவலை முட்டும், பாத்து.'"

"'அழாதே தாயி. அம்மாவுக்கு இங்க சுண்டல் குடுத்தாங்க.'"

"'மாத்திரை மஞ்சப் பைக்குள்ள இருக்கு. பச்சைப் பையில இல்ல.'"

நாற்பத்து இரண்டு முடிந்தன. பிச்சைக்கனி தயங்கினார்.

"சார், ஒரு அம்மா பாக்கி. இதைப் போய் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பேரும் சொல்லமாட்டேங்குது. 'அந்த ஆளுக்குத் தெரியும்'ங்குது."

"அவங்க சொன்னதைச் சொல்லுங்க, கனி."

பிச்சைக்கனி சொன்னார்.  இப்படி ஒன்றை ஆவுடையப்பன் எந்த மைக்கிலும் சொன்னதில்லை. பொத்தானை அழுத்தினார்.

"'அந்த மனுஷன்கிட்ட சொல்லுங்க. நான் ஒண்ணும் செத்துப்போகல. சட்டியில மாவு இருக்கு. ஊத்தித் திங்கத் தெரியாட்டிப் பட்டினி கெடக்கட்டும். வீட்டைப் பூட்டாம ஓடி வந்திருந்தா, நாளைக்கு வந்து வெச்சுக்கிறேன்.' ஓவர்."



கீழே யாரோ பொத்தானை அழுத்தும் ஒலி. ஜெசிந்தாவின் குரல் இல்லை. ஓர் ஆண் மூச்சு. அழுகையா, சிரிப்பா என்று தெரியவில்லை.

"அவதான். அவளேதான்."

மூச்சு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"பூட்டிட்டேன்னு சொல்லுங்கய்யா. பூட்டிட்டேன்னு சொல்லுங்க."

ஆவுடையப்பன் உச்சியைப் பார்த்துத் திரும்பினார்.

"கனி, அந்த அம்மாகிட்ட சொல்லுங்க," என்றார். "பூட்டிட்டாராம். பூட்டிட்டாராம். ரெண்டு தடவை சொன்னாரு."