தள்ளிவிட்ட நூற்றிருபது பதில்கள்

மலையடிக் காட்டில் குளத்து நீரைக் குடித்த குட்டிகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு கண்டது. சில செத்தும் போயின. அரசனான புலி மரங்கொத்தியை அழைத்து, வீடு வீடாகப் போய்க் குடிகளின் கருத்தைக் கேட்டு வரச் சொன்னது.

மரங்கொத்தி எட்டு நாள் அலைந்தது. குளக்கரையில் நூற்றிருபது குடும்பங்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: அரண்மனை நரிகள் தின்ற மிச்சத்தைக் குளத்தில் கொட்டுகின்றன, அதை நிறுத்தவேண்டும். ஒரு புள்ளிமான், எழ முடியாமல் கிடந்த தன் குட்டியை நக்கிக்கொண்டே பதில் சொன்னது. மேட்டில் சுனைநீர் குடிக்கும் நாற்பது குடும்பங்களோ தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றன.

மந்திரி புனுகுப்பூனை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது.

"நோயில் கிடப்பவர்கள் நிதானமாகவா பேசுவார்கள்? அந்த நூற்றிருபதைத் தள்ளிவிடு" என்றது.

மறுநாள் காலையில் முரசு அறைந்தார்கள். கருத்துக் கேட்கப்பட்ட குடிகள் அனைவரும் குளம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்களாம். குடிகளின் விருப்பப்படியே அரசர் எதையும் மாற்றப்போவதில்லையாம்.

மரங்கொத்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரே புலியிடம் போய் உண்மையைச் சொன்னது. புலி கொட்டாவி விட்டது. அது கேட்க விரும்பியதை மந்திரி ஏற்கெனவே சொல்லியாயிற்று.

திரும்பும் வழியில் புள்ளிமான் மறித்தது. பக்கத்தில் குட்டி இல்லை.

"என் பதிலை என்ன செய்தாய்?" என்று கேட்டது.

மரங்கொத்தியால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றே அது மறுபடி வீடு வீடாகக் கிளம்பியது. இம்முறை எதையும் கேட்கவில்லை. நூற்றிருபது வீட்டிலும் இதே துயரம், இதே பதில் என்று சொல்லிக்கொண்டே போனது. முரசைக் கேட்டு, தன் பதில் மட்டும்தான் வேறு என்று அதுவரை ஒவ்வொரு குடும்பமும் நினைத்திருந்தது.

விடிந்ததும் காட்டெருமைகள் குளத்துப் பாதையை அடைத்து நின்றன. அவற்றின் பின்னால் மான்கள், பன்றிகள், முயல்கள். குளத்தில் கொட்ட எலும்பையும் தோலையும் இழுத்து வந்த நரிகள் கொம்புகளைப் பார்த்துத் திரும்பி ஓடின. சேதி கேட்டுப் புலி வந்தது. கூட்டத்தை எண்ணிப் பார்த்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

அடுத்த மழைக்குக் குளம் தெளிந்தது. புதிதாகப் பிறந்த குட்டிகள் பிழைத்தன. போன குட்டிகள் போனவைதான்.

குடிகளிடம் கருத்துக் கேட்டுவிட்டு, துன்பப்படுகிறவர்களின் பதிலைத் தள்ளிவிடும் அரசு, எதுவும் கேட்காத அரசைவிடக் கொடியது.