கரடி தொலைத்த எடுபிடி

அந்தக் காலத்தில் எறும்பு பேசினால் கரடிக்குக் கேட்கும். கேட்டும் கேட்காத மாதிரி இருக்கும், அது வேறு விஷயம்.

முசுறு என்று ஒரு சிவப்பு எறும்பு. நாவல் மரத்தில் கை வைத்துக் கடிபட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது அதற்கு மரத்தில் வீடு கிடையாது. கரடியின் குகைக்குப் பக்கத்தில், தரையில் ஒரு பொந்து. கரடிதான் காட்டுக்குத் தலைவன். பொந்தில் இருக்க விட்டதற்காக முசுறுகள் அதற்கு எல்லா வேலையும் செய்தன. தேன் சிந்தினால், "எடு." மழை வந்தால், "தழையைப் பிடி." காது கேட்ட நாள் முதல் அவை கேட்டது அந்த இரண்டே சொல். கடைசியில் எடுபிடி என்பதே பெயராகிவிட்டது. முயல்கூட, "ஏய் எடுபிடி, காதுல முள்ளு, வா" என்றது. முயல்!

ஒவ்வொரு ஐப்பசியிலும் பொந்தில் தண்ணீர் புகும். குஞ்சுகள் மிதக்கும். காப்பாற்றப் போக முடியாது. ஏனென்றால் அந்த நேரத்தில்தான் குகை வாசலில் இரண்டு தேக்கிலைகளை இழுத்துச் சேர்த்துக் கரடி நனையாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்று இலையைக் கவ்வும். அதன் இடுப்பை இன்னொன்று கவ்வும். அதன் இடுப்பை மற்றொன்று. சங்கிலி மாதிரி.

அந்த வருடம் சேந்தி என்ற முசுறு நேரே கரடியிடம் போனது.

"ஐயா, ஒரே ஒரு நாள் விடுங்க. பிள்ளைகளை மேடேத்திட்டு வந்துடுறோம்."

"அப்ப தழையை யாரு பிடிப்பா? உங்க பாட்டனா?"

"போன வருஷம் எழுநூறு பிள்ளை போச்சுங்க ஐயா."

"போனா என்ன? இன்னும் எழுநூறு பெத்துக்குங்க." கரடி புரண்டு படுத்தது. அவ்வளவுதான் விசாரணை.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. சங்கிலி கட்டி நின்றன. சேந்தி வாயில் இலை நுனி. மருதி என்ற முசுறு பொந்துப் பக்கமிருந்து ஓடி வந்தது.

"அக்கா! தண்ணி ஏறுது! பிள்ளைங்க..."

சேந்தி பதில் சொல்ல வேண்டும். வாயில் இலை. பேச வேண்டுமென்றால் விட வேண்டும். எடுபிடிகள் அத்தனை காலமும் ஏன் பேசாமல் இருந்தன என்று இப்போது விளங்குகிறதா?

விட்டது.

"விடுங்கடி எல்லாரும்!" என்றது.

இலை இரண்டும் விலகின. ஐப்பசி மழை மொத்தமும் கரடி மண்டையில். அது உறுமியது. யார் திரும்பிப் பார்த்தார்கள்? ஆளுக்கு ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு நாவல் மரத்தில் ஏறிவிட்டன.

மேலே பொந்து இல்லை. காற்று வேறு.

"இங்க எங்க அக்கா வைக்கிறது?" என்றது மருதி.

"தெரிஞ்ச வேலையைச் செய்வோம். நீ எடு. நீங்க பிடிங்க."

தங்களுக்குள் அந்தச் சொற்களைச் சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை. குஞ்சுகளைச் சில பார்த்துக்கொள்ள, மற்றவை ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்வி இலைகளை இழுத்தன. இலை விளிம்புகள் சேர்ந்தன. ஆனால் விட்டால் பிரிந்துவிடும்.

"சாகிற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே நிக்கிறதா?" என்றது மருதி.

சேந்தி, ஒரு குஞ்சைக் காற்றிலிருந்து மறைக்க இலை விளிம்பில் வைத்து அழுத்தியது. பயத்தில் குஞ்சு வாயிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் வந்தது. இலையில் ஒட்டிக்கொண்டது. சேந்தி ஒரு கணம் பார்த்தது. குஞ்சைத் தூக்கி எதிர் விளிம்பில் வைத்தது. நூல் குறுக்கே ஓடியது. பிறகென்ன, தையல்தான். இவ்வளவு நாள் மிதந்து செத்த பிள்ளைகள் வாயில் வீடு இருந்திருக்கிறது.

மழை விட்டபோது கிளையில் தேங்காய் அளவுக்கு ஒரு பச்சை உருண்டை. உள்ளே காய்ந்த தரை. ஒரு பிள்ளை குறையவில்லை.

நனைந்த கரடி மரத்தடிக்கு வந்தது.

"இறங்குங்கடி எடுபிடிகளா! தழையை யார் பிடிக்கிறது?"

"இங்கேயே பிடிக்கிறோம் ஐயா, ஏறி வாங்க" என்றது சேந்தி.

ஏறியது. உதடு, காது, மூக்கு என்று பிடித்தன. விட வைக்க முடியவில்லை. மரத்திலிருந்து விழுந்து ஓடிய கரடி, மலைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் நின்றது. முயல் அதற்கு முன்பே அங்கே இருந்தது.

கூப்பிட ஆளில்லாமல் அந்தப் பெயர் காட்டில் கிடந்தது. மனிதர்கள் பொறுக்கினார்கள். முதலில் மரியாதையாகத்தான் சொன்னார்கள். கல்யாணப் பந்தலில், "எடுபிடி வந்தாச்சா? அப்ப அடுப்பைப் பற்ற வை" என்பார்கள். பிறகு உட்கார்ந்தே சாப்பிட்டவர்கள் அதை வசவாக்கினார்கள். உட்கார்ந்திருப்பவன் வாயில் எந்தச் சொல்லும் கெட்டுப்போகும்.

முசுறு கவலைப்படவில்லை. சேந்தி வாயைத் திறந்த அந்த மழை நாளிலிருந்து அதன் வீடு மரத்தின் மேலே. பழக் காலத்தில் திரும்பி வரும் கரடி, கீழே உதிர்ந்த நாவல்பழத்தைத்தான் பொறுக்கித் தின்கிறது, அதுவும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே.