மிளகி சொல்லாமல் விட்ட பதில்

ஒரு காட்டில் யானைகள் நடந்து நடந்தே உண்டான பாதை ஒன்று இருந்தது. அந்தப் பாதையின் ஓரமாகச் சாணி வண்டுகள் கூட்டமாகக் குடியிருந்தன. வேறு இடமா கிடைக்கவில்லை என்று கேட்காதீர்கள். யானை போகிற வழியில்தானே யானைச் சாணம் கிடைக்கும்?

சாணி வண்டுகளின் பிழைப்பு இதுதான். சாணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து, தட்டித் தட்டி உருண்டையாகப் பிடிக்கும். பிறகு முன்னங்கால்களைத் தரையில் ஊன்றி, தலைகீழாக நின்று, பின்னங்கால்களால் உருண்டையைத் தள்ளிக்கொண்டே பின்பக்கமாக நடக்கும். ஈர மண் கண்ட இடத்தில் குழி பறித்து உருண்டையைப் புதைத்து, அதற்குள் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு அந்த உருண்டைதான் வீடு, அதுதான் சாப்பாடும்.

இப்படித் தலைகீழாக நடப்பதில் ஒரு சங்கடம் உண்டு. தள்ளுகிறவர் கண்ணுக்குத் தரை தெரியும், உருண்டை தெரியாது. அடிக்கடி நின்று திரும்பிப் பார்க்காவிட்டால் உருண்டை பள்ளத்துக்குப் போகும், இல்லையென்றால் அடுத்தவர் வீட்டுக்குப் போகும். அதனால் அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு வண்டுகள் வழியில் பார்த்துக்கொண்டால், “கண்ணு உருண்டையில இருக்கட்டும்” என்று ஒன்று சொல்லும். “இருக்கு, இருக்கு” என்று மற்றது சொல்லும். பிறகு இரண்டும் தங்கள் வழியில் போகும்.

சொல்லிச் சொல்லி அது வாய்க்குப் பழகிப்போயிருந்தது. யாராவது தும்மினால்கூட அதைச் சொல்கிற வண்டுகள் இருந்தன.

அந்தக் கூட்டத்தில் மிளகி என்று ஒரு பெண் வண்டு. கறுப்பாக, குட்டையாக, மிளகைப் போலவே காரமாக இருப்பாள். கெட்டிக்காரி. அவள் பிடிக்கும் உருண்டையில் ஒரு மேடு பள்ளம் இருக்காது. ஆனால் அவளிடம் ஒரு குணம். யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் பதில் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. போகிற போக்கில் சொன்னதற்கும் நின்று, இடுப்பில் கை வைத்து, பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். எதிரில் நிற்பவர் வாயடைத்துப் போன பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராகும்.

அந்த ஆண்டு மழை சீக்கிரமே நின்றுவிட்டது. ஒரு நாள் விடிகாலையில் யானைக் கூட்டம் கடைசி முறையாக அந்தப் பாதையில் நடந்து, ஆற்றைத் தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இனி அடுத்த மழைக்குத்தான் அவை திரும்பும்.

மிளகியின் வயிற்றில் ஒரு முட்டை இருந்தது. முண்டியடித்துக்கொண்டு போய் அவள் பிடித்ததும் ஒரே ஓர் உருண்டைதான். வெயில் உச்சிக்கு ஏறும் முன் அதைப் புதைத்தாக வேண்டும். காய்ந்து வெடித்த உருண்டைக்குள் புழு பிழைக்காது. உன்னிச்செடிப் புதரின் அடியில் மட்டும் இன்னும் ஈரம் இருந்தது. அங்கே போவதற்குள் ஓர் ஏற்றம் ஏற வேண்டும்.

மிளகி உருண்டையைத் தள்ளத் தொடங்கினாள். உருண்டையின் ஒரு பக்கத்தில் மூங்கில் இலைத் துணுக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கிப் பார்த்தாள், வரவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பாதி ஏற்றத்தில் தேனப்பன் எதிரே வந்தான்.

தேனப்பன் சொந்தமாக ஓர் உருண்டை பிடித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் உருண்டை பிடிப்பதைப் பற்றிப் பேசச் சொன்னால் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. “கண்ணு உருண்டையில இருக்கட்டும்” என்பதற்கு மட்டும் அவனிடம் ஏழு விளக்கங்கள் இருந்தன. கேட்க ஆள் கிடைத்தால் ஏழில் ஒன்றைக்கூடக் குறைக்க மாட்டான்.

“கண்ணு உருண்டையில இருக்கட்டும், தங்கச்சி” என்றான் தேனப்பன்.

“இருக்கு, இருக்கு” என்றாள் மிளகி, தள்ளிக்கொண்டே.

“ஏத்தமா இருக்கே, தனியாவா தள்ளுற? நானும் ஒரு கை குடுக்கிறேன்.”

“வேணாம்ணே. நானே தள்ளிருவேன்.”

வேண்டாம் என்றதைக் காதில் வாங்காதவன்போல அவனும் பக்கத்தில் நின்று தள்ளினான். தள்ளினான் என்பதைவிட, காலை உருண்டைமேல் வைத்திருந்தான் என்று சொல்லலாம். கொஞ்ச தூரம் போனதும் பெருமூச்சு விட்டான்.

“எவ்வளவு அழகா பிடிச்சிருக்க. அந்த மரவட்டைக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு.”

மிளகியின் கால்கள் நின்றன. “மரவட்டை என்ன சொன்னா?”

“விடு தங்கச்சி. அதெல்லாம் எதுக்கு இப்ப?”

“சொல்லுங்கண்ணே.”

“மிளகி பிடிக்கிறது உருண்டையா, கொழுக்கட்டையான்னு கேட்டாளாம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம்.”

மிளகிக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. “எங்க இருக்கா அவ?”

“கீழ அந்தப் பட்டுப்போன மரத்துக்கிட்டதான். ஆனா நீ உருண்டையை விட்டுட்டு…”

“நீங்க பார்த்துக்குங்க. ஒரே நிமிஷம், வந்துடுறேன்.”

“அப்ப சரி. கண்ணு உருண்டையில இருக்கட்டும், தங்கச்சி.”

“இருக்கு, இருக்கு” என்று சொல்லிக்கொண்டே மிளகி கீழே ஓடினாள்.

மரவட்டை பட்டுப்போன மரத்தின் பட்டைக்குள் படுத்திருந்தது. மிளகி போட்ட சத்தத்தில் பயந்து அப்படியே சுருண்டுகொண்டது. சுருண்ட மரவட்டை மறுபடி நிமிர நேரமாகும். மிளகிக்கோ பதில் வாங்காமல் போக மனமில்லை. அதைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தினாள். கத்தக் கத்த அது இன்னும் இறுக்கமாகச் சுருண்டது. கடைசியில் மிளகிக்குத் தொண்டை வறண்டு சத்தம் நின்றதும், மரவட்டை மெல்லத் தலையை நீட்டியது.

“கொழுக்கட்டையா? நான் மூணு நாளா மரத்தை விட்டே வெளிய வரலையேம்மா. உன் உருண்டையை நான் கண்ணால பார்க்கக்கூட இல்ல.”

“அப்ப தேனப்பண்ணன் சொன்னது?” என்றாள் மிளகி.

“அது சரி” என்றது மரவட்டை. “அந்த உருண்டை இப்ப எங்க இருக்கு?”

மிளகி சட்டென்று திரும்பினாள். வந்த வழியே ஓடினாள். ஏற்றத்தில் தேனப்பனும் இல்லை, உருண்டையும் இல்லை. புழுதியில் உருண்டை போன தடம் மட்டும் கோடு போட்டது போல மேலே போனது.

அவளுக்கு அழுகை வந்தது. “இருக்கு, இருக்கு” என்று சொன்னது அவள் வாய்தான். சொன்ன நேரத்தில் கண் எங்கே இருந்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அழுகை கொஞ்ச நேரத்தில் கோபமாயிற்று. அவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று ஏற்றம் முழுக்க ஒவ்வொன்றாக யோசித்து அடுக்கிக்கொண்டே ஏறினாள்.

உன்னிச்செடிப் புதருக்கு முன்னால் பாதை குறுகியது. அங்கே ஓர் ஆமை குறுக்கே நின்று, கீழே உதிர்ந்த உன்னிப் பழங்களைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. அதனால் வழி அடைபட்டு ஏழெட்டு வண்டுகள் காத்து நின்றன. அவற்றின் நடுவில் தேனப்பன் இருந்தான். அவன் பக்கத்தில் உருண்டை இருந்தது. மூங்கில் இலைத் துணுக்கும் நீட்டிக்கொண்டிருந்தது.

மிளகி வாயைத் திறப்பதற்குள் தேனப்பன் திறந்துவிட்டான்.

“வந்துட்டா பாருங்க. காலையிலிருந்து என் உருண்டைக்குப் பின்னாலயே சுத்துறா. தான் பிடிச்சதுன்னு இப்ப சொல்லுவா பாருங்க.”

வண்டுகள் எல்லாம் மிளகியைத் திரும்பிப் பார்த்தன.

“என்ன மிளகி, இப்படியா பிழைக்கணும்?” என்றது ஒன்று.

“சொந்தமா பிடிக்கத் துப்பில்லையா உனக்கு?” என்றது இன்னொன்று.

மிளகியின் உடம்பெல்லாம் எரிந்தது. துப்பில்லையா என்று கேட்டது அவளிடம் உருண்டை பிடிக்கக் கற்றுக்கொண்ட வண்டு. நாலு கேள்விகளும் நாக்கு நுனியில் வந்து நின்றன. மூங்கில் இலையும் சாட்சிக்கு இருந்தது. இடுப்பில் கை வைத்து, பேசுவதற்கு மூச்சை இழுத்தாள்.

அப்போது உருண்டை அவள் கண்ணில் பட்டது. வெயில் பட்ட பக்கத்தில் அது வெளுக்கத் தொடங்கியிருந்தது. அதில் மெல்லியதாக, முடியளவு ஒரு கீறல் ஓடியது.

நான் ஒன்று கேட்டால் இவன் ஒன்பது சொல்வான் என்று மிளகி நினைத்தாள். மூங்கில் இலையைக் காட்டினால், அதற்கும் ஒரு கதை வைத்திருப்பான். இந்தப் பேச்சில் நான் ஜெயித்து முடிக்கும்போது கையில் ஒரு காய்ந்த கட்டிதான் மிஞ்சும். என் பிள்ளை அதில் எப்படிப் பிழைக்கும்?

இழுத்த மூச்சை மெல்ல விட்டாள். அவளுக்கு அது சுலபமாக இல்லை.

ஆமை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே பழத்தை விழுங்கியது. “ரொம்ப நாளா ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன்” என்றது. “கண்ணு உருண்டையில, கண்ணு உருண்டையிலன்னு உங்களுக்குள்ள சொல்லிக்கிறீங்களே, அதுக்கு என்னம்மா அர்த்தம்?”

கேள்வி மிளகியைப் பார்த்துத்தான் வந்தது. எந்தக் கேள்வியையும் பதில் இல்லாமல் விட்டறியாத மிளகி, தலையைக் குனிந்துகொண்டாள்.

“அதைத் தேனப்பண்ணன் சொல்லித்தான் கேட்கணும், ஐயா. அவர் அளவுக்கு எனக்கு விளக்கத் தெரியாது.”

தேனப்பனின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்த கல்லின் மேல் ஏறி நின்றான். வண்டுகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின.

“நல்ல கேள்வி கேட்டீங்க. இதுக்கு ஏழு விளக்கம் உண்டு. முதல் விளக்கம், கண்ணு இருந்தா மட்டும் போதாது, கூடவே மனசும் அங்க இருக்கணும்.”

வண்டுகள் தலையாட்டின. மிளகி பின்பக்கமாக ஓர் அடி நகர்ந்து உருண்டையைத் தொட்டாள்.

“இரண்டாவது. ஒரு காரியத்தைத் தொட்டா முடிக்கிற வரைக்கும் காலை எடுக்கக்கூடாது.”

மிளகி பின்னங்கால்களை உருண்டையின் மேல் வைத்தாள். எடுக்கவில்லை.

“மூணாவது, ஊர் பேசுறதைக் காதுல வாங்கக்கூடாது.”

தேனப்பன் சொன்னது அத்தனையும் சரி. அந்தக் கூட்டத்தில் அவன் சொன்னபடி நடந்தவள் மிளகி ஒருத்திதான். ஆமை தன் முன்னங்காலை மெல்ல ஒதுக்கி வைத்தது. அந்த இடைவெளியில் உருண்டை நகர்ந்தது. நாலாவது விளக்கத்தின்போது அது புதரின் நிழலுக்குள் போயிருந்தது. ஐந்தாவது விளக்கம் கொஞ்சம் நீளம். அதற்குள் மிளகி குழி பறித்து முடித்துவிட்டாள்.

ஏழாவது விளக்கத்துக்கு வந்தபோது தேனப்பனுக்குக் குரல் கம்மிவிட்டது. அத்தனை லயிப்பு.

“இதுதான் எல்லாத்துக்கும் மேல” என்றான். “எவ்வளவு பெரிய கூட்டத்தில் நின்னாலும் நம்ம கண்ணு நம்ம உருண்டையை விட்டுப் போகாது. உதாரணத்துக்கு, இதோ என் உருண்டையையே பாருங்க.”

காலை நீட்டிக் காட்டினான். எல்லா வண்டுகளும் பார்த்தன. தேனப்பனும் பார்த்தான்.

அங்கே வெறும் தரை இருந்தது.

“அர்த்தம் நல்லா புரிஞ்சுது” என்றது ஆமை. அடுத்த பழத்தைத் தேடி மெல்ல நகர்ந்து போனது.

“திருடி” என்று தேனப்பன் கத்தினான். “மிளகி திருடி. தைரியம் இருந்தா வெளிய வந்து பதில் சொல்லு.” மற்ற வண்டுகளும் சேர்ந்துகொண்டு கத்தின.

மண்ணுக்குள் இருந்த மிளகிக்கு அது நன்றாகக் கேட்டது. கீறலை அவள் ஈர மண்ணால் பூசியிருந்தாள். முட்டையும் வைத்தாகிவிட்டது. குழியின் வாயை மூடுவதுதான் பாக்கி. திருடி என்ற சொல் அவளைச் சுட்டது. அதற்குச் சரியான பதிலும் உடனே வந்தது. மூன்றே சொல். கேட்டிருந்தால் தேனப்பன் ஒரு மாதத்துக்கு வெளியே தலைகாட்டியிருக்க மாட்டான்.

அதைச் சொல்ல மேலே போக வேண்டும். மேலே போனால் திறந்த குழிக்குள் வெயில் இறங்கும்.

மிளகி ஈர மண்ணை அள்ளிக் குழியின் வாயை அடைத்தாள். சத்தம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் அள்ளி அடைத்தாள். சத்தம் நின்றது. அந்த மூன்று சொல் என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அடுத்த மழைக்கு யானைகள் திரும்பி வந்தன. அன்றைக்கு உன்னிச்செடியின் அடியில் மண் லேசாக விரிந்து, மிளகு போல் கறுத்த ஒரு புது வண்டு வெளியே வந்தது.

நீதி: எடுத்த காரியத்தில் கண் வேண்டும் என்று விளக்கத் தெரிந்தவர் பலர், சீண்டும் சொல் காதில் விழும்போதும் கண்ணை எடுக்காதவரே காரியத்தை முடிப்பார்.