சாமி சொல்ல வந்த சொல்

"ஸ்ட்ரகிள்னா என்ன சாமி?"

கேட்டவர் பரமானந்தன். கல்லூரியில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்று, சாமியின் பேச்சை மொழிபெயர்க்கிறேன் என்று ஆசிரமத்தில் வந்து உட்கார்ந்தவர்.

"அகராதியில போராட்டம்னு போட்டிருக்கு. நம்ம ஆளுங்களுக்குக் காபியில சர்க்கரை குறைஞ்சா ஸ்ட்ரகிள். பஸ்ல இடம் கிடைக்கலைன்னா ஸ்ட்ரகிள். அந்த வார்த்தையைப் போட்டுச் சாகடிக்கிறாங்க. நிஜமா அதை எங்கே சொல்லணும்?"

சாமி வாயைத் திறந்தார். "எ... எ... எ..."

"எங்கேயும் சொல்லக் கூடாதுங்கிறீங்க. அதுவும் சரிதான்."

சாமி வாயை மூடிக்கொண்டார்.

சாமிக்குத் திக்குவாய். அவர் தொடங்கினால் பரமானந்தன் முடித்துவிடுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அந்த மனுஷர் கஷ்டப்படுவதை இவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. கூட்டமும் நகர வேண்டுமே!

அப்போது அஞ்சலை வந்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"சொல்லாம ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்ட மக சாமி. புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். இப்போ நிறைமாசம். வீட்டுக்கு வரட்டுமான்னு போன்ல அழுவுறா. அவ அப்பா, அப்படி ஒரு மகளே வேண்டாம்ங்கிறார். நீங்க சொன்னா அந்த மனுஷன் தட்ட மாட்டார். அவ எங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

"வே..." என்றார் சாமி. "வே... வே..."

"வேண்டாம்ங்கிறார்மா," என்றார் பரமானந்தன். "கொஞ்ச நாள் மனசைக் கல்லாக்கிக்க."

அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.

பரமானந்தன் திரும்பினார். "ஆங், எங்கே விட்டோம்? ஸ்ட்ரகிள்..."

சாமியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு கையைத் தரையில் ஊன்றியிருந்தார். உதடு இன்னும் அந்த எழுத்திலேயே நின்றது.

"வே... வே..."

எடுத்துக்கொடுக்கப் பரமானந்தனிடம் வேறு சொல் இல்லை. முதல் தடவையாகச் சும்மா இருந்தார்.

"வே... வேணும்," என்றார் சாமி.

பரமானந்தனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அடப்பாவி, இதுவரை எத்தனை பேரை இப்படி எழுப்பி அனுப்பினேனோ! செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

பஸ் வந்து நின்றிருந்தது. அஞ்சலை படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். இவர் ஓடி வருவதைப் பார்த்து நின்றாள்.

"என்ன சார்?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். மூச்சு இரைத்தது. அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"வே..." என்றார். "வே... வே..."

"ஏறுறியா இல்லையாம்மா?" கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

அஞ்சலை காலைக் கீழே இறக்கினாள்.

"நீங்க மெதுவாச் சொல்லுங்க சார்," என்றாள். "பஸ் போனாப் போகுது."