பாயை விட்டு எழுந்தவர்

மலையடிவாரத்து மடம் ஒன்றில் மாலைதோறும் நீளமான கோரைப்பாய் விரிப்பார்கள். குரு பேசத் தொடங்கிவிட்டால் முடிகிறவரை யாரும் பாயை விட்டு எழக் கூடாது. மடத்தைத் தொடங்கியவர் வைத்த விதி அது.

இப்போதைய குரு மங்கையர்க்கரசிக்கு நாற்பது வயது. சீடர்களில் மூத்தவர் பூங்காவனம், அறுபத்திரண்டு. பதினோரு ஆண்டுகளாகப் பாயை விரிப்பவரும், முதல் பாட்டை எடுத்துக்கொடுப்பவரும் அவர்தான்.

ஐப்பசியிலிருந்து அவர் பாயை விரித்துவிட்டு வெளியே போய், மாட்டுக்கொட்டகை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துகொண்டார். மூட்டுவலி என்று சொன்னார். உள்ளே வேறு யாராவது பாட்டை எடுப்பார்கள். சுருதி சற்றுத் தாழ்ந்திருக்கும். பூங்காவனம் கல்லில் இருந்தபடியே, உதடு மட்டும் அசைய, அதைச் சரியாகப் பாடுவார்.

ஒரு நண்பகல் கீரைப் பாத்தியில் மயங்கி விழுந்தார். குரு தண்ணீர்ச் செம்பை நீட்டினார். ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார் பூங்காவனம்.

"முழுசும் குடிங்க."

"காலையில ஒரு டம்ளர் குடிச்சாச்சு. அதுக்கு மேல குடிக்கிறதில்லம்மா."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். இருமினால், குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. அவசரம் வந்தால் நாலடி நடப்பதற்குள் போய்விடுகிறது. ஒரு மாலை பாயிலேயே ஆகிவிட்டது. எல்லோரும் போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்து, பாயைத் தானே கழுவிப் போட்டாராம்.

"மனசை அடக்கச் சொல்லிக்கொடுத்தீங்க. எனக்கு உடம்பே அடங்கலையே. அந்தப் பாய்ல உட்கார எனக்குத் தகுதி இருக்காம்மா?"

குரு செம்பை மறுபடி நீட்டினார்.

மறுநாள் இருவரும் பேருந்தேறி அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். தண்ணீரைக் குறைத்தால் தொந்தரவு கூடத்தான் செய்யும் என்றார் செவிலியர். இடுப்புக்கு அடியிலுள்ள தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும், ஈரத்தை உறிஞ்சும் அணையாடைகளைக் காட்டினார். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகலாம் என்றார். இந்த வாரம் இதற்காக வந்த ஆறாவது ஆள் நீங்கள் என்றும் சொன்னார்.

மற்ற ஐந்து பேரும் எங்கே உட்கார்வார்கள் என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தார் பூங்காவனம். அன்று மாலையும் கல்லில்தான் உட்கார்ந்தார்.

பேச்சின் நடுவில் குரு நிறுத்தினார். சிறுநீர் வருகிறது என்று சொல்லி எழுந்து போனார். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இடையில், சிறுநீர் அடங்காதவர்களுக்கு அரசு மருத்துவமனையில் உதவி கிடைக்கிறது என்பதையும் சொன்னார்.

கோதண்டம் என்ற சீடருக்குப் பொறுக்கவில்லை. விதி என்னாவது என்று கேட்டார்.

"அதை வச்சப்போ மடத்தைத் தொடங்கினவருக்கு இருபத்தஞ்சு வயசு" என்றார் குரு.

சிலர் சிரித்தார்கள். கோதண்டம் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் குருவின் பின்னாலேயே கொட்டகை வரை வந்து, அந்தச் செவிலியர் எந்தக் கிழமைகளில் இருப்பார் என்று தணிந்த குரலில் விசாரித்தார். அது கல்லில் இருந்தவருக்கும் கேட்டது.

மறுநாள் பூங்காவனம் பாயை விரிக்க வந்தபோது, குரு உட்காரும் மணை வாசலருகே கிடந்தது. முதல் வரிசை இனி அங்கேதான். வாசலை ஒட்டிய இடத்தைக் குரு கையால் தட்டிக் காட்டினார்.

பூங்காவனம் பாயின் ஓரத்திலேயே நின்றார்.

"பாதியில எழுந்து போனா, நீங்க சொல்றது எனக்கு விட்டுப்போயிடுமேம்மா."

"நீங்க திரும்பி வர்ற வரைக்கும் அடுத்த வார்த்தை சொல்ல மாட்டேன். பாட்டை எடுங்க."