இரண்டாவது கண்ட்ரோலர்

“ஏட்டி, இந்த மாசம் அஞ்சு கேம் முடிச்சிட்டேன். எழுத ஒரு வரி வரல,” என்றான் இசக்கிராஜன்.

பேச்சியம்மை நிமிரவில்லை. பிரித்துப் போட்ட கண்ட்ரோலரின் பொத்தான்களுக்கு அடியிலிருந்து பஞ்சால் அழுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள்.

பாளையங்கோட்டையில் வீடியோ கேம் ஆடுகிறவர்கள் அவளைக் குரு என்பார்கள். கெட்டுப்போன கண்ட்ரோலரோடு மாடியேறி வருவார்கள். கண்ட்ரோலரும் சரியாகும், கூடவே வேறு ஏதோ ஒன்றும் சரியாகும்.

அவளைக் குரு என்று சொல்லாதவன் ஊரில் ஒருவன்தான். அவளுடைய அண்ணன் இசக்கிராஜன். பன்னிரண்டு வருடமாக ஒரு வார இதழில் புதுப்புது கேம்களைப் பற்றி எழுதுகிறவன்.

“இன்னைக்கு ஆறு மணிக்குள்ள கட்டுரை அனுப்பணும். இல்லேன்னா இதை அனுப்பிருவேன்.”

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினான். இனி எழுதப் போவதில்லை என்ற கடிதம்.

“குறிப்பு எடுத்திருப்பியே. படி.”

படித்தான்.

“மேகம் தாண்டும் நரி. குதித்தபின் அரை நொடி மிதக்கிறது. நன்று. அடுத்தது வாள்வீரன். வீச்சில் கனம் போதும். கடைசி அரக்கனுக்கு மூன்று உருவம். மூன்றும் எதிர்பார்த்தவையே. கடலடிக் கோட்டை. கேமரா சுவரில் முட்டுகிறது…”

“போதும்ணே. செத்தவனுக்குச் சர்டிபிகேட் எழுதின மாதிரி இருக்கு.”

“அதைத்தானே சொல்லுதேன். எங்க விழுவோம்னு முன்னாலயே தெரிஞ்சிருது. அதனால விழுறதே இல்ல. கை அது பாட்டுக்கு ஆடுது. நான் அங்கன இல்ல.”

அவள் எழுந்துபோய் நரி கேமைத் திரையில் ஏற்றினாள். பழுதுப் பெட்டியைக் கிளறி, பழைய கண்ட்ரோலர் ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். நல்லதைத் தான் வைத்துக்கொண்டாள்.

“வயரே சொருகலையே, ஏட்டி.”

“ஆடு.”

“எப்படி ஆட?”

“குரு சொன்னா ஆடணும்.”

கண்ட்ரோலரைச் சரி செய்வதில் அவள் கெட்டிக்காரி. ஆடுவதில் மகா மட்டம். முதல் பள்ளத்திலேயே நரி விழுந்தது.

“பள்ளம் இருக்குல்லா!”

மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை வந்த வழியே திரும்பி ஓடியது.

“அங்க எங்க போற? இந்தப் பக்கம்!”

“நரிக்கு என்ன அவசரம்?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பொத்தானை அமுக்கினான். உயிரில்லாத பொத்தான் டக்கென்றது.

தட்டுத் தடுமாறி நரி தொங்குபாலத்துக்கு வந்து சேர்ந்தது. காற்று அடித்தது. எங்கோ பறை முழங்கத் தொடங்கியது. பின்னாலிருந்து பலகைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இந்தப் பாலத்தை அவன் முன்பு தாண்டியிருக்கிறான். பறை அடித்ததாக நினைவில்லை.

“ஓடு! ஓடு! இப்போ குதி!”

அவன் கட்டைவிரல் முந்திக்கொண்டது. அவள் இமைப்பொழுது பிந்தினாள்.

நரி அந்தரத்தில் நின்றது. அதே அரை நொடி. இசக்கிராஜனுக்கு ஒரு கோடைகால மதியம் முழுவதும் அதற்குள் அடங்கும் போலிருந்தது.

அக்கரை விளிம்பை ஒரே ஒரு நகம் பற்றிக்கொண்டது. நரி தொங்கியது. ஆடியது. ஏறியது.

“தாண்டிட்டேன்!”

எழும்பிக் குதித்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

தாண்டிட்டேன். இந்தச் சொல்லை இதே கூச்சலில் அவன் கேட்டிருக்கிறான்.

அப்போது அவனுக்குப் பதின்மூன்று. பக்கத்தில் ஏழு வயதுப் பேச்சி, கையில் இரண்டாவது கண்ட்ரோலர். “ஆளு ஒண்ணுதான். ரெண்டு பேரும் சேர்ந்து ஓட்டுதோம்,” என்று சொல்லிவிட்டு, அவளுடைய வயரின் நுனியைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டான். இரண்டு கோடை விடுமுறை அப்படியே போனது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் எழும்பிக் குதித்துக் கத்துவாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பான்.

“பேச்சி… ஒண்ணு சொல்லணும். சின்ன வயசுல உனக்குக் குடுத்த கண்ட்ரோலர்…”

“பாய்க்கு அடியில கிடந்த வயரா?”



“தெரியுமா? எப்போ?”

“ரெண்டாம் நாளே. அந்தப் பாயைத் தினமும் சுருட்டி வச்சது யாரு, நீயா?”

“தெரிஞ்சுமா ரெண்டு வருஷம் அந்தக் குதி குதிச்ச? எதுக்கு?”

பேச்சியம்மை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நரி அடுத்த பாலத்தில் கால் வைத்தது.

இசக்கிராஜன் விழுந்த நாற்காலியை எடுக்காமல் தரையிலேயே உட்கார்ந்தான். உள்ளங்கை வேர்த்திருந்தது. கையில் அகப்பட்ட தாளில் துடைத்துவிட்டு, கண்ட்ரோலரை இறுகப் பிடித்தான். துடைத்த தாள் அந்தக் கடிதம்.

ஆறு மணிக்குக் கைபேசி அடித்தது. வார இதழின் ஆசிரியர்.

அவர் வாய் திறக்கும் முன்பே இவன் கத்தினான்:

“அஞ்சு நிமிஷம் சார்! பாலத்து மேல நிக்கோம்!”